24 மணி நேரத் தேர்வுக்கு 24 மணி நேரமும் முழித்திருக்க வேண்டுமா?

தம்பி, முதல் செமஸ்டரிலேயே மூன்று ஆன்லைன் தேர்வு, அதில் இரண்டு 24 மணி நேரத் திறந்த புத்தகத் தேர்வு, இப்போதே தூக்கம் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 24 மணி நேரம் பெரும்பாலும் எழுதுவதற்கான நேரமில்லை, வினாத்தாள் திறந்திருக்கும் நேரம். வேறு நாட்டிலிருந்து எழுதுபவர், நெட் தகராறு உள்ளவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் எல்லாரையும் நினைத்துத்தான் அவ்வளவு தாராளமாக விடுகிறார்கள். உண்மையில் எத்தனை மணி நேர வேலை என்பது தேர்வுக் குறிப்பில் இருக்கும். இல்லையென்றால் விரிவுரையாளருக்கு இன்றே மெயில் போடுங்கள். மூன்று மணி நேர வேலை என்றால், கேள்விகளை இரண்டு முறை வாசித்து, அரை மணி நேரம் திட்டம் போட்டு, எழுதிவிட்டுத் தூங்குங்கள். எழுந்து தெளிந்த கண்ணோடு ஒருமுறை திருத்தி, கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏற்றிவிடுங்கள். இரவு முழுக்க உட்கார்ந்தால் பதில் நீளும், வாதம் கலையும், சொல் எல்லையும் தாண்டிவிடும்.

24 மணி நேரம் இல்லாத அந்த மூன்றாவது தேர்வில் கவனம். சில தேர்வுகளில் 'தொடங்கு' என்பதை அழுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும், மூடினாலும் நிற்காது. சும்மா எட்டிப் பார்க்கத் திறந்துவிடாதீர்கள். நேரம் எல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்க் கணக்கு. தேர்வுக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாள் வருகிறதா என்றும் பாருங்கள்.

திறந்த புத்தகம் என்றதும் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம்: முக்கியக் கருத்து, எந்த வகுப்புக் குறிப்பில் எத்தனையாவது பக்கம், அவ்வளவுதான். குறிப்பிலிருந்து அப்படியே ஒட்டினால் ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் சிக்கும். வாட்ஸ்அப் குழுவில் நண்பனுக்கு விடையைக் காட்டினால், காட்டியவர்மீதும் விசாரணை வரும்.

ஆள் தடுமாறுவது பெரும்பாலும் ஏற்றும் இடத்தில்தான். கையால் எழுதுவதென்றால் கறுப்புப் பேனா; பென்சில் மங்கும். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும், தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே தாளில் விழும். ஐபோன் படங்கள் ஹெச்.இ.ஐ.சி வடிவில் சேமிக்கப்படலாம், பல தளங்கள் அதை ஏற்காது. ஸ்கேன் ஆப்பில் எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். பக்க வரிசை, கோப்பின் அளவு இரண்டையும் சரிபாருங்கள். ஏற்றியபின் தளத்திலிருந்தே இறக்கித் திறந்து பாருங்கள். பழைய வரைவை ஏற்றிவிட்டவர்கள் நிறைய. இதையெல்லாம் மாதிரித் தேர்வில் ஒருமுறை செய்து பழகுங்கள். தளம் மக்கர் பண்ணினால், நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே மெயில் அனுப்புங்கள்.

தூக்கத்துக்கு: மதியத்துக்குப் பின் காபி வேண்டாம், அதிலுள்ள கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள். ஒரே அறையில் பலர் இருந்தால், தேர்வு நேரத்துக்கு நூலகத்தில் தனியறை பதிய முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமே பிடிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் மாணவர் ஆலோசகரையும் மருத்துவரையும் பாருங்கள். அது உங்கள் மதிப்பெண்ணைத் தொடாது.

உடம்பு முடியாமல் போனால் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில், எழுத உட்கார்ந்துவிட்டால் 'நலமாகத்தான் இருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டதாகவே எடுப்பார்கள். உடம்பு முடியவில்லை என்று தெரிவிக்கும் விண்ணப்பம் பல்கலைக்கழகத் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என்ன சான்று கேட்கிறார்கள் என்பதை நலமாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.