ஹங்கேரி பார்ட்டிக்கு விற்றால் தடை பொருந்தாதா?

கேள்வி: திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்டீல் பிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு) கடைந்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். உள்ளே இருக்கும் இரும்பு ரஷ்யாவுடையது இல்லை என்பதற்கு வாங்குபவர் பேப்பர் கேட்கிறார். "ரஷ்யா மேல ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடையை ஹங்கேரி எதிர்க்குது, புடாபெஸ்ட்ல ஒரு பார்ட்டி பிடிச்சுட்டா தொல்லை இல்ல" என்கிறார் கிளியரிங் ஏஜென்ட். இந்தியா தடையே போடவில்லையே, நமக்கு எதற்கு இது?

பதில்: ஹங்கேரி பலமுறை எதிர்த்தது உண்மைதான். அதனால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கையில் 27 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரு நாடு முறுக்கிக்கொண்டாலும் நின்றுவிடும். 2025-இல் 18-வது தடைத் தொகுப்பை ஸ்லோவாக்கியா வாரக்கணக்கில் மறித்தது; ஜூலை 18 அன்றுதான் நிறைவேறியது. ஆனால் மறிப்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். நிறைவேறியதும் அது ஒழுங்குமுறைச் சட்டமாக அதிகாரபூர்வ இதழில் வருகிறது. எந்த நாட்டு நாடாளுமன்றமும் தனியாக நிறைவேற்றத் தேவையில்லை, 27 நாட்டிலும் நேரடியாகச் செல்லும். ராணுவக் கூட்டணியில் சேராத அயர்லாந்தும் ஆஸ்திரியாவும்கூட விலக்கில்லை. ஹங்கேரிக்குக் குழாய்வழி கச்சா எண்ணெயில் விலக்கு கிடைத்தது, அதுவும் சட்டத்திலேயே எழுதி வாங்கியது. பிளாஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்று, ஹங்கேரிக்குக் கடற்கரையே கிடையாது. சரக்கு ஸ்லோவேனியாவின் கோப்பர், ஜெர்மனியின் ஹாம்பர்க் போன்ற வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கித்தான் போக வேண்டும். சோதனையும் அபராதமும் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்பதால் கெடுபிடி கூடக் குறைய இருக்கலாம். கேட்கும் சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டம் 833/2014, அதில் 3ஜி பிரிவு. 2023 செப்டம்பர் 30 முதல், வேறு நாட்டில் செய்த பொருளிலும் ரஷ்ய இரும்பு கலந்திருக்கக் கூடாது. 7307 என்ற சுங்கக் குறியீட்டில் வரும் உங்கள் பிளாஞ்சும் பட்டியலில் உண்டு. சட்டம் கட்டுப்படுத்துவது உங்களை அல்ல, அங்கே இறக்குமதி செய்பவரை. ஆதாரம் காட்ட வேண்டியவர் அவர், அதனால் உங்களிடம் கேட்கிறார். அவர் கையில் பேப்பர் இல்லையென்றால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறும், கடைசியில் உங்கள் பில்லில்தான் கழிப்பார்.

அவருக்கு வேண்டியது மில் டெஸ்ட் சர்டிபிகேட், அதாவது இரும்பு ஆலை தரும் சோதனைச் சான்று. அதில் ஹீட் நம்பர் (ஒரு தடவை உருக்கிய இரும்புக்கு ஆலை தரும் எண்), அந்த ஹீட் எந்த நாட்டில், எந்த ஆலையில் உருக்கப்பட்டது என்பவை இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ரீரோலிங் மில் (வாங்கிய இரும்பை ராடாக உருட்டும் ஆலை) தரும் சர்டிபிகேட்டில் உருட்டிய இடம் மட்டும் இருக்கும், பில்லட் (உருட்டுவதற்கு முந்தைய இரும்புக் கட்டை) எங்கே உருகியது என்று இருக்காது. அப்படியென்றால் பில்லட்டின் சர்டிபிகேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துத் தருவதை நம்ப வேண்டாம், ஆலையின் நகலையே வாங்குங்கள்.

அடுத்தது பட்டறைக்குள் நடப்பது. ராடின் முனையில்தான் ஹீட் நம்பர் பெயின்ட்டிலோ பஞ்சிலோ இருக்கும். மண்ணடியில் வெட்டு ராடாக வாங்கினால் அந்த முனை கடையிலேயே தங்கிவிடும். உங்களிடம் வருவது அநாமதேய இரும்பு. முழு ராடாக வாங்கி, அறுப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டிலும் நம்பரைப் பஞ்ச் செய்யுங்கள். கடையும்போது அழியும் பக்கத்தில் அடித்தால் வீண். பிளாஞ்சின் வெளி விளிம்பில் கடைசியில் மறுபடி அடித்து, பேக்கிங் லிஸ்டில் ஹீட் வாரியாக எண்ணிக்கை போடுங்கள். சர்டிபிகேட்டில் 5 டன், அதே ஹீட்டில் நீங்கள் அனுப்பியது 6 டன் என்றால் யாருக்கும் கணக்கு புரிந்துவிடும்.

கார்பன் வரிக்கான படிவமும் இதே வாங்குபவர் கேட்பார். அது வேறு சட்டம், வேறு கணக்கு; ஒரே ஃபைலில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"ஆறு மாதம் பொறுத்தால் தடை காலாவதியாகிவிடும்" என்றும் ஏஜென்ட் சொல்லலாம். இந்தப் பொருளாதாரத் தடைகள் ஜனவரி 31, ஜூலை 31 எனத் தவணை வைத்து நீட்டிக்கப்படுபவை. 2025 ஜனவரியில் ஹங்கேரி கடைசி வாரம் வரை இழுத்தடித்தது, பிறகு ஒத்துக்கொண்டது. அதை நம்பிப் பேப்பர் இல்லாமல் கன்டெய்னர் ஏற்றாதீர்கள்.