அவித்த உருளைக்கிழங்கு

அன்புள்ள அம்மா,

நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன். லண்டனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் ஜூனில் போயிருந்தோம். தேம்ஸின் தென்கரையில் ‘மாடர்ன் பிரிட்டிஷ்’ உணவகம் ஒன்றுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே ஆறும் செயின்ட் பால் தேவாலயமும். தட்டில் நாலு துண்டு ஆட்டிறைச்சி, உப்புக் கரிக்கும் ஏதோ புல், ‘ஜெர்சி ராயல்’ என்ற பேரில் அவித்த உருளைக்கிழங்கு ஆறு. மூன்று பேருக்குப் பதினாறாயிரம் ரூபாய்! அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னேன், மகள் முகம் சுருங்கிவிட்டது. வெள்ளைக்காரனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊரறிந்தது. ஜன்னலுக்கும் சேர்த்தா காசு? இப்படிச் செலவழிப்பது சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்குச் சற்றுமுன்தான் வெண்ணெய் சுற்றியிருந்த தாளைக் கத்தியின் முதுகால் வழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவியிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவரை நினைத்துக்கொண்டிருந்தபோதே உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் காசு. ஆனால் அந்தக் காட்சி தானாக அங்கே நின்றுவிடவில்லை. செயின்ட் பாலின் கோபுரம் மறையக்கூடாது என்று சுற்றுவட்டாரக் கட்டடங்களின் உயரத்துக்கு 1930-களிலிருந்தே கட்டுப்பாடு உண்டு. நீங்கள் உட்கார்ந்திருந்த கரையில் பழைய மின்நிலையம் ஒன்று இருக்கிறது, இன்று டேட் மாடர்ன் கலைக்கூடம். எதிர்க்கரைக் கோபுரம் 111 மீட்டர் என்பதால் அதன் புகைபோக்கியை 99 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் புல்லின் பேர் சாம்ஃபயர். கடல் ஏறி வடியும் சேற்றில் முளைப்பது, கரிக்கத்தான் செய்யும்.

உருளைக்கிழங்குக்கு வருவோம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

சரித்திரம் நடத்தியவர் நீங்கள். ‘சமைக்கத் தெரியாது’ என்று ஒரு ஜனத்தையே ஒரு வரியில் தள்ளலாமா? இரண்டாம் உலகப்போரின்போது, 1940 ஜனவரி 8-ஆம் தேதி அந்த நாட்டில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. பிறகு இறைச்சி, தேயிலை, பாலாடைக்கட்டி. வாரத்துக்கு ஓர் ஆளுக்கு வெண்ணெய் இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம். முட்டை ஒன்று, அதுவும் கிடைத்தால். ஊருக்கு ஊர் விதவிதமாகப் பாலாடைக்கட்டி செய்த நாட்டில், கட்டிக்குப் போகும் பாலில் பெரும்பகுதியை அரசாங்கத்தின் ‘செடார்’ என்ற ஒரே வகைக்குத் திருப்பினார்கள். போர் முடிந்ததே, ரேஷன் முடிந்ததா? போர்க்காலத்தில்கூட ரேஷன் இல்லாத ரொட்டிக்கு 1946-இல் ரேஷன் போட்டார்கள். கடைசியாக இறைச்சியை விடுவித்தது 1954 ஜூலை 4. பதினாலு வருஷம், ஐயா. ரேஷன் தொடங்கியபோது ஆறு வயதாக இருந்த பெண்ணுக்கு அது முடியும்போது இருபது வயது. எந்த வயதில் அம்மா பக்கத்தில் நின்று கைப்பக்குவம் கற்றுக்கொள்வோமோ, அந்த வயது முழுக்க அடுப்படியில் ஒன்றும் இல்லை.

1943-இல் வங்கத்தில் அவர்கள் ஆட்சியின் கீழ் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அந்தப் பாவத்தை ஆறு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

அப்படி ஒரு பெண்ணின் வீட்டு மாடியறையில்தான் வடக்கு லண்டனில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தேன். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. வெண்ணெய் தீர்ந்ததும் தாளைப் பலகையில் விரித்து, கத்தியின் முதுகால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வழிப்பார். அந்தத் துளியை ரொட்டியில் தடவுவார். தாளையும் எறியமாட்டார். நாலாக மடித்து வைத்து, கேக் தட்டில் தேய்க்க எடுப்பார். ஒருநாள் அவர் வைத்த இறைச்சிக் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. “உங்கள் ஊரில் சமையலே கிடையாதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “என் அம்மா நன்றாகச் சமைப்பாள். எனக்குச் சொல்லித்தர அவளிடம் சாமான் இருக்கவில்லை” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

‘மாடர்ன் பிரிட்டிஷ்’ என்கிறார்களே, அது அந்த அறுந்த இழையைத் தேடிப்போகிற வேலை. 1994-இல் ஃபெர்கஸ் ஹெண்டர்சன் என்ற சமையல்காரர் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைப் பக்கம் ‘செயின்ட் ஜான்’ உணவகத்தைத் தொடங்கினார். அங்கே தட்டில் வைத்தது என்ன? வாட்டிய மாட்டு எலும்பு, அதன் மஜ்ஜையைத் தடவிச் சாப்பிடச் சுட்ட ரொட்டி, பார்ஸ்லி இலை. அவர்களுடைய பழைய சாப்பாடுதான், வெட்கப்படாமல் மேஜைக்கு வந்தது. உங்கள் ஜெர்சி ராயலும் அப்படித்தான். ஜெர்சித் தீவின் கடல் பார்த்த சரிவுகளில் விளைவது. கடற்பாசியை அள்ளிவந்து உரமாகப் போடும் வழக்கம் அங்கே உண்டு. தோல் பெருவிரலால் தேய்த்தாலே வந்துவிடும். வெயில்காலம் முற்றினால் பருவம் முடிந்தது. அதற்கு மசாலா போட்டால் அது உருளைக்கிழங்கு வறுவல் ஆகிவிடும், ஜெர்சி ராயல் இருக்காது. எங்கள் கிழவிக்கும் குழம்பு வராதே தவிர, ஜூனில் ஒரு கொத்துப் புதினா போட்டு இதை அவித்தால் அந்த வாசத்துக்கே நான் மாடியிலிருந்து இறங்கி வருவேன்.

செலவு சரியா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளின் சம்பளம், அவள் ஆசைப்பட்டு அழைத்துப்போனது. நீங்கள் சாப்பாட்டு மேஜையில் பவுண்டை ரூபாயாக்கியதுதான் தப்பு. இன்று ராத்திரி அவளுக்குப் போன் போடுங்கள். அவள் அம்மாவிடமும் போனைக் கொடுங்கள், அந்த உருளைக்கிழங்கு எப்படி இருந்தது என்று அவர் சொல்லட்டும்.

அன்புடன்.