முதலில் சட்டம், அப்புறம் ஏஐ: பாலக்கோட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன வாரம் மகளை அழைத்துக்கொண்டு தருமபுரி நாலு ரோட்டில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். பாலக்கோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்தீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "வக்கீல் வேலையையே இனி ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். இவளோ ஏஐ-க்கான சட்டம் படிக்கிறேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா சார்? ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் டிப்ளமோ, கையோடு வேலை என்று பெங்களூரில் ஒரு இன்ஸ்டிடியூட் சொல்வதாக என் கொழுந்தனார் சொல்கிறார்." வாசலில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் சட்டப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தால் 5 ஆண்டு, வேறு பட்டம் முடித்திருந்தால் 3 ஆண்டு. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. இதற்குக் குறுக்கு வழியே இல்லை. காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் சில வருஷத்துக்கு முன் இப்படி ஓர் இடத்தில் எண்பதாயிரம் கட்டினான். புளி வாங்கிப் போடுவதற்காக அவன் அப்பா வைத்திருந்த பணம் அது. சில வீடியோக்களும் ஒரு சான்றிதழும் கிடைத்தன. அந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்திலும் யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அப்பாவின் முகம் எனக்கு மறக்கவே இல்லை.

சரி, ஏஐ-க்குச் சட்டம் என்று ஒன்று உண்டா? உண்டு. நம் ஊர்க் காரியத்திலிருந்தே சொல்கிறேன். வருஷக்கணக்கில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்களுக்கு விரல் நுனி தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் விரலை வைத்தால், "ரேகை விழவில்லை, அப்புறம் வாங்க" என்பார்கள். இயந்திரம் 'இல்லை' என்றதும் மனிதரும் 'இல்லை' என்றுவிடுகிறார். அந்தப் பாட்டி யாரிடம் போய்க் கேட்பது? ரேஷன் கடைக் கருவி எளிமையானது, ரேகையைப் பொருத்திப் பார்ப்பதோடு சரி. இதே சிக்கலைக் கடன் விண்ணப்பத்துக்கும், வேலைக்கான பயோடேட்டாவை வடிகட்டும் மென்பொருளுக்கும், உதவித்தொகைப் பட்டியலுக்கும் நீட்டிப் பாருங்கள். இயந்திரம் எதை வைத்து முடிவெடுத்தது, தப்பு நடந்தால் யார் பொறுப்பு, எங்கே முறையிடுவது? ஏஐ சட்டம் என்று உங்கள் பெண் சொல்வது இந்தக் கேள்விகளைத்தான்.

வெளிநாட்டில் இது எங்கே போய் முடிந்தது என்பதற்கு நெதர்லாந்து ஒரு பாடம். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக முத்திரை குத்தியது. யாரைச் சந்தேகிப்பது என்று கணக்குப் போட்ட கணினி முறையில், விண்ணப்பித்தவர் அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. வாங்கிய தொகையை மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொன்னதில் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கின. கடைசியில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்று ஒரு முழுச் சட்டமே போட்டது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அது அமலில் இருக்கிறது, கடமைகள் படிப்படியாக வருகின்றன. ஆபத்தின் அளவை வைத்துப் பிரிப்பது அதன் வழி. பள்ளியிலும் வேலையிடத்திலும் ஆட்களின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ, சில விலக்குகள் தவிர, அடியோடு தடை. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் கடன் தகுதி பார்ப்பதிலும் பயன்படுகிறவை அதிக ஆபத்து வகை, கடும் நிபந்தனைகளோடுதான் அனுமதி. தடை செய்ததை மீறினால் அபராதம் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம் வரை, எது கூடுதலோ அது. பாலக்கோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஐரோப்பியச் சந்தைக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனத்தையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். அப்படிப்பட்ட நிறுவனங்கள் ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் நிறைய இருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டும்.

நம் நாட்டில் ஏஐ-க்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் போக்கு, இருக்கிற சட்டங்களை வைத்தே இப்போதைக்குச் சமாளிக்கலாம் என்பதுதான். அப்படி இருக்கிற சட்டங்களில் உங்கள் பெண் முதலில் படிக்க வேண்டியது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்களே, அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக வந்தது இது. மொத்தம் 44 பிரிவுகள்தான். ஆணோ பெண்ணோ, தனிநபரை 'அவள்' என்றே குறிப்பிடுகிற சட்டம். இதை நான் சொன்னதும் உங்கள் பெண்ணின் முகம் மலர்ந்ததைக் கவனித்தீர்களா?

அன்றைக்கு நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் ஓர் எடுத்துக்காட்டு வரும். ஒருவர் மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்றை இறக்குகிறார். ஆலோசனைக்குத் தேவையான தகவலோடு, அவர் போனில் இருக்கும் நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது அந்த ஆப். அவர் இரண்டுக்கும் சம்மதம் என்று தட்டிவிடுகிறார். ஆனாலும் மருத்துவ ஆலோசனைக்கு அந்த நம்பர்கள் தேவையில்லை என்பதால், சம்மதம் முதல் விஷயத்துக்கு மட்டுமே செல்லும். உங்கள் பெண் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, "அம்மா தையல் மெஷினுக்குக் கடன் பார்த்தபோது ஒரு லோன் ஆப் போனில் இருந்த எல்லா நம்பரையும் கேட்டுச்சு சார். அதுவும் இதே மாதிரிதானே?" என்றாள்.

யாரும் சொல்லித் தராமலே, தாளில் இருந்த பிரிவைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள் அம்மா. சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் பல பிள்ளைகளுக்கு இது வர நாளாகும். இந்தப் பெண்ணை நம்பிச் சட்டம் படிக்க வையுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

இன்னொன்று. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கிற வசதி மக்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது இதே சட்டம். அந்த அட்டவணையில் தமிழும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தரவுக்குப் போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பெண் 2027-இல் கல்லூரிக்குள் நுழையும் சமயம் அந்த அவகாசம் முடிந்திருக்கும். சட்டமும் தெரிந்து, ஒரு பாட்டிக்குப் புரிகிற தமிழும் எழுதத் தெரிந்த ஆளை அப்போது தேடுவார்கள்.

தமிழ்நாடு அரசு 2020-லேயே ஏஐ-யைப் பாதுகாப்பாகவும் அறத்தோடும் பயன்படுத்த ஒரு கொள்கை வெளியிட்டது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். மக்கள் மீது பயன்படுத்தும் முன் அந்த முறை பாரபட்சம் இல்லாததா, தணிக்கைக்கு உட்பட்டதா என்றெல்லாம் மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிற கொள்கை அது. படிக்கத் தகுந்த ஆவணம்.

ஏஐ வக்கீல்களை விழுங்கிவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். சில வேலைகள் குறையும், அதை மறைக்க மாட்டேன். பழைய தீர்ப்பு தேடுவது, ஒரே மாதிரி ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வது எல்லாம் சுருங்கும். ஆனால் 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம் பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், தீர்ப்பு சொல்வதற்கோ முடிவெடுப்பதற்கோ ஏஐ-யைப் பயன்படுத்தக் கூடாது என்று மாவட்ட நீதித்துறைக்கு விதியே போட்டது. இயந்திரம் எழுதியதை நம்பலாமா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். அதற்கு முதலில் சட்டம் ஒழுங்காகத் தெரிந்திருக்க வேண்டும். 'முதலில் சட்டம், அப்புறம் ஏஐ' என்று அன்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

எங்கே படிப்பது? வீட்டுக்குப் பக்கத்திலேயே, 2017-இல் தொடங்கிய தருமபுரி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நுழைவுத் தேர்வு இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால், சட்டப் படிப்புக்கும் உள்ள 7.5 சதவீத முன்னுரிமை இடத்துக்கும், மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, 2 மணி நேரம், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும், முழுக்க ஆங்கிலம். திருச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் போகும். தேர்வு டிசம்பர் வாக்கில் வருவதால், பிளஸ் டூ படிக்கும்போதே எழுதிவிட வேண்டும். எழுதிப் பார்க்கட்டும். ஆனால் அது கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் வீட்டில் யாருக்கும் வரக்கூடாது. அரசு எப்படித் திட்டமும் விதியும் வகுக்கிறது என்று சொல்லித் தரும் பொதுக் கொள்கைப் படிப்பைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். பட்டத்துக்குப் பிறகு பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியிலேயே 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பொறுப்பான ஏஐ-க்கென்று சென்னை ஐஐடி-யில் ஓர் ஆய்வு மையமும் இருக்கிறது.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜூனியராகச் சேரும் முதல் சில ஆண்டுகள் கஷ்டம்தான். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் தருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிறுவனங்களின் சட்டப் பிரிவில் சேர்ந்தால் நிலைமை மேல், ஆனால் அங்கே ஆங்கிலம் சரளமாக வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்தை இப்போதைக்கு வங்கியில் போட்டு வையுங்கள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம் அவள் மூச்சு விடுவதற்கு அது உதவும்.

இந்த விடுமுறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தினமும் ஒரு பிரிவு. அரசிதழில் இருக்கும் ஆங்கில மூலத்தைப் படித்து, அது என்ன சொல்கிறது என்று உங்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு நோட்டில் எழுதட்டும். இரவு கடையை மூடிவிட்டு வந்ததும் நீங்கள் வாங்கிப் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் மறுபடி எழுதச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்த நோட்டோடு வாருங்கள். குழந்தைகளின் தரவு பற்றிய 9-ஆவது பிரிவை அவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று முதலில் பார்ப்போம். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிற மாதிரி காலையிலேயே வந்துவிடுங்கள்.