லண்டன் கலியாணத்துக்குப் போக யாருக்கு ஈடிஏ, யாருக்கு விசா?

கேள்வி: நாங்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கிறோம். ஆகஸ்டில் லண்டன் ஹரோவில் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம். எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் (14 வயது, 3 வயது) பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. கணவர் அகதி அந்தஸ்தில் இருக்கிறார். அவரிடம் பயண ஆவணமும் பிரான்ஸில் தங்குவதற்கான பத்து வருடக் கார்டும் உண்டு. கூட இருக்கும் மாமியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பிரெஞ்சுக் கார்டும் உண்டு. லண்டன் போக இப்போது ஈடிஏ எடுக்க வேண்டும் என்கிறார்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் ஒருவர், ஆளுக்கு 60 யூரோ தந்தால் ஐந்து பேருக்கும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? எத்தனை நாள் முன்னால் எடுக்க வேண்டும்?

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. ஐந்து பேருக்கும் எடுத்துத் தருகிறேன் என்று அவர் சொல்வதிலேயே பிழை இருக்கிறது. உங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்குத்தான் ஈடிஏ கிடைக்கும். கணவருக்கும் மாமிக்கும் விசா வேண்டும். அந்த இருவருடைய வேலையை இன்றே தொடங்குங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவசரமே இல்லை.

ஈடிஏ என்பது விசா தேவைப்படாத நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனுக்குக் கிளம்புமுன் வாங்க வேண்டிய மின்னணுப் பயண அனுமதி. 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரோடு தொடங்கியது. 2025 ஜனவரி 8 முதல் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும், அதே ஆண்டு ஏப்ரல் 2 முதல் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கும் வந்தது. தாளில் முத்திரை எதுவும் கிடையாது. நீங்கள் விண்ணப்பித்த கடவுச்சீட்டின் எண்ணோடு அனுமதி கணினியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இது ஆளுக்குக் கொடுக்கிற அனுமதி என்பதைவிட, அவர் கையில் இருக்கும் கடவுச்சீட்டுக்குக் கொடுக்கிற அனுமதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே பிறந்தீர்கள், எந்த நாட்டில் எத்தனை வருடமாக வரி கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. எந்தப் புத்தகத்தை நீட்டிப் பயணம் செய்கிறீர்கள் என்பதே கேள்வி.

கணவரிடம் இருப்பது, அட்டையில் 'தீத்ர் து வொயாஜ்' என்று அச்சிட்ட அகதிப் பயண ஆவணம். அது பிரெஞ்சு அரசு கொடுத்ததுதான், ஆனால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு ஆகாது. அதைக் காட்டி ஜெர்மனி, சுவிஸ் எல்லாம் போய் வந்திருப்பார். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அவை தங்களுக்குள் விசா கேட்காத ஷெங்கன் பகுதி நாடுகள். பிரிட்டன் ஒருநாளும் அந்தப் பகுதிக்குள் இருந்ததில்லை. பத்து வருடக் கார்ட் அங்கே நுழைய உதவாது. மாமிக்கும் இதே நிலைதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு பிரிட்டன் போக விசா வேண்டும், பிரெஞ்சுக் கார்ட் கூட இருந்தாலும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாச்சப்பல் கடைகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய, லண்டன் ரயில் கிளம்பும் கார் து நோர் நிலையத்தில், பிரெஞ்சுப் பொலிஸின் சோதனை முடிந்து நாலு எட்டு வைத்தால் பிரிட்டிஷ் அதிகாரியின் கண்ணாடிக் கூண்டு வந்துவிடும். பிரிட்டன் எல்லை அங்கேயே, பாரிஸுக்குள்ளேயே முடிவாகிறது. காரில் போனால், கடலைக் கடக்கும் இடமான கலேயில் இதே நடக்கும். என்னிடம் பிறகு ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், இதுபோல ஒரு கலியாணத்துக்குத்தான் கிளம்பியிருந்தது. கூறைப்புடவைப் பெட்டி தாயின் மடியில், பலகாரச் சுமை தகப்பன் கையில். பிள்ளைகளும் தாயும் கூண்டைக் கடந்துவிட்டார்கள். தகப்பனுடைய ஆவணத்தை விரித்துப் பார்த்த அதிகாரி, விசா எங்கே என்று கேட்டார். அவரிடம் இருந்தது யாரோ பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துக் கொடுத்த ஒரு 'விண்ணப்பம் கிடைத்தது' என்ற தாள். பலகாரப் பையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பினார். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். இன்னொரு குடும்பத்துக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

கணவரும் மாமியும் எடுக்க வேண்டியது சாதாரண விசிட்டர் விசா. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிரிட்டன் அரசின் இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டி, பாரிஸில் உள்ள விசா மையத்துக்கு நேரில் போய்க் கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். ஆகஸ்ட் கலியாணம் என்றால் மே மாதமே போட்டுவிடுங்கள். கோடையில் மையத்தில் நேரம் கிடைப்பதே சிரமம். ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏறும், ஆகவே கட்டும் நாளில் திரையில் காட்டும் தொகையே சரியான தொகை.

விசா அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு: ஏன் வருகிறார், திரும்பிப் போவாரா. முதல் கேள்விக்கு உங்கள் அக்காவின் அழைப்புக் கடிதமும் கலியாண அழைப்பிதழும் பதில். கடிதத்தில் யார் யார் வருகிறார்கள், என்ன உறவு, எந்தத் தேதிகள், எந்த வீட்டில் தங்குவார்கள் என்று இருக்கட்டும். அக்கா தன் பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் அல்லது தங்கும் உரிமையின் பிரதியையும் வைக்கலாம். இரண்டாவது கேள்விக்குக் கணவரின் சம்பளச் சீட்டுகள், விடுமுறைக்கு முதலாளி கொடுத்த கடிதம், வங்கிக் கணக்கு, வரிப் பத்திரம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பத்து வருடக் கார்ட். மாமிக்குச் சொந்த வருமானம் இல்லை என்றால் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை எழுதி, அவருடைய கணக்கை வையுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: பிரெஞ்சில் இருக்கும் தாள்களை அப்படியே கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்கும் சில நாள் ஒதுக்குங்கள்.

கணவரோ மாமியோ முன்பு எப்போதாவது பிரிட்டனில் அகதி விண்ணப்பம் போட்டிருந்தால், அல்லது விசா மறுக்கப்பட்டிருந்தால், அதைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கைரேகைகூட அங்கே இருக்கலாம். பழைய மறுப்பு ஒரு விஷயம். அதை மறைத்தது வேறு விஷயம், அதுதான் ஆளைப் பல வருடத்துக்கு வெளியே நிறுத்தும். சிக்கலான கதை என்றால் லாச்சப்பல் ஆளிடம் கொடுக்கும் பணத்தை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

சரி, இனி உங்கள் மூவருக்கும் வருவோம். இது சுலபம். 'யூகே ஈடிஏ' என்ற செயலியை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது அரசின் இணையத்தளத்தில் செய்யுங்கள். அரசுத் தளத்தின் பெயர் 'கவ் டாட் யூகே' என்று முடியும். நடுவிலோ முன்னாலோ கோடு போட்டு வேறு சொல் ஒட்டியிருந்தால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தனியார் கடை. 2025 ஏப்ரல் 9 அன்று கட்டணம் 16 பவுண்டு ஆனது. அதற்கு முன் 10 ஆக இருந்தது, 2026 ஏப்ரல் 8 முதல் 20 என்று அரசு அறிவித்தது. எப்படிப் பார்த்தாலும் 60 யூரோவுக்குப் பக்கத்தில்கூட வராது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், முழுக் கட்டணம். குடும்பமாக ஒரே படிவம் என்று ஒன்று இல்லை. ஆனால் உங்கள் ஒரே ஃபோனிலிருந்து மூவருக்கும் ஒன்றன் பின் ஒன்றாகப் போடலாம்.

முடிவு பெரும்பாலும் மூன்று வேலை நாளுக்குள் மின்னஞ்சலில் வரும், பலருக்கு அன்றே வந்துவிடுகிறது. இரண்டு வாரம் முன்னால் போட்டால் நிம்மதி. கிடைத்தால் இரண்டு வருடம் செல்லும், எத்தனை தடவையும் போய் வரலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். ஆனால் கடவுச்சீட்டு அதற்குள் முடிந்தால் ஈடிஏயும் அதோடு முடிந்தது. பிரான்ஸில் சிறுவர் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான். ஆகவே இன்றைக்கே பிள்ளைகளுடையதை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். அடுத்த சில மாதத்தில் முடிவதாக இருந்தால் முதலில் புதியது எடுத்து, அதன் பிறகு ஈடிஏ போடுங்கள். இல்லாவிட்டால் அதே பணத்தை இரண்டு முறை கட்டுவீர்கள். பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டிப் போகிற காலம் 2021 அக்டோபரோடு போய்விட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரப்பும்போது இரண்டு இடத்தில் கை தடுமாறும். ஒன்று கடவுச்சீட்டு எண். பிரெஞ்சு எண்ணில் முதலில் இரண்டு இலக்கம், நடுவில் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். நடுவில் வருவது ஓ என்ற எழுத்தா, சைபரா என்று குழம்பினால் இந்த ஒழுங்கை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஓர் எழுத்து மாறினால்கூட அனுமதி வேறு எண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும், உங்கள் கடவுச்சீட்டில் எதுவும் இருக்காது. இரண்டாவது பெயர். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, கணவர் பெயர் 'எப்பூஸ்' (இன்னாரின் மனைவி) என்று கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும். குழம்பாமல், படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி போட்டு ஓடும் இரண்டு வரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ரயில் டிக்கெட்டிலும் அதே பெயர் இருக்கட்டும். 'வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா' என்ற கேள்விக்கு, இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். அதனால் எந்தக் கெடுதலும் வராது.

குற்றத் தண்டனை பற்றியும் கேட்பார்கள். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கும், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் தண்டிக்கப்பட்டவருக்கும் ஈடிஏ மறுக்கப்படும். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் ஓர் ஆள் உங்களைக் கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போவதன் ஆபத்து இங்கேதான். தட்டியது அவர் விரல், ஆனால் பொய் சொன்னது நீங்கள் என்று பதிவாகும். மின்னஞ்சலும் அவருடையதாக இருந்தால், மறுப்பு வந்ததுகூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கலியாணம் என்பதால் இன்னும் ஒன்று. விருந்தாளியாகப் போக ஈடிஏ போதும். மாப்பிள்ளை பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு இங்கிருந்து வருபவராக இருந்து, பதிவுத் திருமணமும் லண்டனில் நடப்பதாக இருந்தால், அவருக்கு ஈடிஏ போதாது. அதற்கென்று தனியாகத் திருமண வருகை விசா இருக்கிறது. அக்காவிடம் இதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பாரிஸிலிருந்து பணத்துக்கு மேக்கப் போட, வீடியோ எடுக்க ஆள் கூட்டிப் போகும் எண்ணம் இருந்தால், விருந்தாளி என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். வேலை என்று வந்தால் விதிகள் வேறு.

உறவுக்குள் யாராவது பிரிட்டிஷ், பிரெஞ்சு என்று இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தால் அவர்கள் ஈடிஏ எடுக்கவே முடியாது. 2026 பிப்ரவரி 25 முதல் கட்டுப்பாடு இறுகிவிட்டது: பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வேண்டும், அல்லது பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு, 589 பவுண்டு கட்டிப் பெறும், பிரிட்டனில் வாழும் உரிமைக்கான சான்று வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு எடுப்பதே மலிவு. பிரான்ஸிலிருந்து முன்பே லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே நிரந்தர அந்தஸ்து பெற்றவர்களுக்கு ஈடிஏ தேவையில்லை. ஆனால் புதுக் கடவுச்சீட்டின் எண்ணை அங்குள்ள தங்கள் இணையக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

அக்கா குடும்பம் மறுவீட்டுக்கு உங்கள் பக்கம் வருவதாக இருந்தால், பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரருக்கும் இதுபோல ஒன்று வருகிறது. ஈடியாஸ் என்று பெயர், 20 யூரோ, மூன்று வருடம் செல்லும். 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணம் இல்லை. 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சொல்லியிருக்கிறது. அது தொடங்குமுன்பே ஈடியாஸ் விற்கும் தளங்கள் முளைத்துவிட்டன, யாரும் பணம் கட்ட வேண்டாம்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கணவருக்கும் மாமிக்கும் விசா கையில் வரும்வரை, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். இன்று மாலையே அக்காவுக்கு ஃபோன் போட்டு அழைப்புக் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். மாமியின் பெயரை அவருடைய கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சொல்லிக் கொடுங்கள்.