தாயை இழந்த கன்று புட்டிப்பாலை மறுத்தால்

வணக்கம். தாயை இழந்த உங்கள் கன்று, நிப்பிளை வாயில் வைத்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பால் ஆறிப்போயிருந்தாலே பல கன்றுகள் இப்படிச் செய்யும். ஆகவே முதலில் அதை 39 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கன்றின் பின்புறம் சுவர் மூலையில் படும்படி நிறுத்தி, பாலில் நனைத்த விரலை நாக்கின்மேல் வைத்து, அது சப்பத் தொடங்கியதும் விரலை மெல்ல உருவிக்கொண்டே நிப்பிளை நுழைத்துவிடுங்கள். மடியில் குடிக்கும்போது இருப்பதுபோல் கழுத்து முன்னோக்கி நீண்டிருக்க வேண்டும். அண்ணாத்திப் பிடித்துப் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், அந்த அவசரம் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் ஓரிரு வேளை முரண்டு பிடிப்பது இயல்பே. ஆனால் வாய் சில்லிட்டு, விரலையும் சப்பாமல் கிடந்தால், அதிலும் பிறந்து 6 மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்காத கன்றாக இருந்தால், கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.