பாமினியில எழுதினது அழிஞ்சு போகேல்ல

கேள்வி: அப்பா ஒரு இருபது வருஷமா கோயில் மலருக்கும் பத்திரிகையளுக்கும் கட்டுரை எழுதினவர், போன வருஷம் காலமாயிட்டார். அவற்ற பழைய கொம்பியூட்டரில இருந்த வேர்ட் ஃபைல் எல்லாத்தையும் பென் ட்ரைவில எடுத்து என்ர புது லெப்டொப்பில திறந்தா ஒரு வரி தமிழ் இல்ல, இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான் கிடக்கு. கடையில காட்டினா ஃபைல் கரப்ட், எடுக்கேலாது எண்டுட்டினம். ஒண்டும் செய்யேலாதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பென் ட்ரைவை பத்திரமா வையுங்கோ, ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ. அப்பா எழுதினதில ஒரு எழுத்துக்கூட போகேல்ல. பாக்காமலே கரப்ட் எண்டு சொல்லி அனுப்பினதை வாசிக்க எனக்கு கோவம்தான் வந்தது, இப்பிடிச் சொல்லக் கேட்டு எத்தின வீட்டில எத்தின பேற்ற எழுத்தை குப்பையில போட்டிருப்பினம்.

அது பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில அடிச்சது. பத்திரிகை, கல்யாணக் காட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எண்டு எங்கட ஆக்கள் வருஷக்கணக்கா அதிலதான் அடிச்சவை. பாமினி ஃபைலுக்குள்ள இருக்கிறது தமிழ் இல்ல, இங்கிலிஷ் எழுத்துத்தான், அந்த ஃபொன்ட் அதைத் தமிழ் உருவத்தில கீறிக் காட்டுது, அவ்வளவுதான். ஃபொன்ட் இல்லாத லெப்டொப்பில உள்ள கிடக்கிற இங்கிலிஷ் அப்பிடியே வெளிய தெரியும். நம்பிக்கை இல்லையெண்டா ஒரு ஃபைலைத் திறந்து சின்ன என், சின்ன எஃப், சின்ன எச், பெரிய ஓ, சின்ன கே, அரைப்புள்ளி, பெரிய ஜி, இந்த ஏழும் இடைவெளி இல்லாம ஒண்டா வாற இடத்தைத் தேடிப் பாருங்கோ. அது 'கொழும்பு'. என் ஒற்றைக் கொம்பு, எஃப் 'க', எச் அரவு, ஓ 'ழு', கேயும் அரைப்புள்ளியும் 'ம்', ஜி 'பு'. அப்பா விரலால தட்டின அதே ஏழு கட்டைதான் அது.

பழைய கொம்பியூட்டர் இன்னும் ஓடுதெண்டா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபொன்ட்ஸ் எண்டு இருக்கும், அதில இருந்து பாமினியை கொப்பி பண்ணி லெப்டொப்பில போட்டு ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுங்கோ. வேர்டை மூடித் திறக்க தமிழ் வந்திடும். வராட்டி எழுத்தை செலக்ட் பண்ணி ஃபொன்ட் பெட்டியில பாமினியைத் தெரிவு செய்யுங்கோ.

ஆனா அதோட விட்டுடாதேங்கோ, யூனிகோடுக்கு, அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறைக்கு மாத்த வேணும். யூனிகோடில தமிழுக்கு 1991-ல வந்த முதல் பதிப்பிலேயே இடம் குடுத்தாச்சு, அதில 'க' எண்டா எந்த நாட்டில எந்த போனில திறந்தாலும் 'க'தான். பாமினியில கிடக்கிற கட்டுரையில நீங்கள் கொழும்பு எண்டு யூனிகோடில அடிச்சுத் தேடினா கொம்பியூட்டர் இல்லை எண்டுதான் சொல்லும், வோட்ஸ்அப்பில அண்ணாவுக்கு அனுப்பினாலும் அவருக்கும் அதே அரைப்புள்ளிதான் போகும். மாத்திற கன்வேர்ட்டர் இன்டர்நெட்டில இலவசமா இருக்கு. மூல ஃபைலில கை வைக்காம ஒரு கொப்பி எடுத்து அதில செய்யுங்கோ, தமிழ்ப் பந்தியளை மட்டும் எடுத்து மாத்துங்கோ. நான் என்ர பழைய கட்டுரையளை மாத்தேக்க முழு ஃபைலையும் ஒண்டா செலக்ட் பண்ணிக் குடுத்து இடையில இருந்த இங்கிலிஷ் சொல்லெல்லாம் அர்த்தமில்லாத தமிழா மாறி, ஆளின்ர பேர் எது ஊரின்ர பேர் எது எண்டு தெரியாம மூலத்தை வச்சு வரி வரியா இருந்து திருத்தினனான். மாத்தி முடிய ஒருக்கா வாய்விட்டு வாசியுங்கோ, பிழை உடன காதில படும்.

கேள்வி: நான் கொம்யூனிகேஷன் கடையில டைப்பிங் செய்யிறன், 18 வருஷமா பாமினி. இனி யூனிகோட் எண்டா புதுசா கீபோட் பழக வேணுமா? இந்த வயசில ஏலாது.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பழகத் தேவையில்லை அண்ணை. உங்கட விரலுக்குத் தெரிஞ்ச இடங்களை வச்சே யூனிகோட் அடிக்கலாம். என்.எச்.எம். ரைட்டர் எண்டு ஒரு சொஃப்ட்வெயார், அதில பாமினி கீபோட்டைத் தெரிவு செய்தா நீங்கள் அடிக்கிறது பாமினி மாதிரி, விழுறது யூனிகோட். கடைக்கு வாறவைக்கு பிரிண்டோட சேத்து யூனிகோட் ஃபைலையும் குடுங்கோ, அதுகளைத்தான் பிள்ளையள் நாளைக்குத் திறக்கப்போகினம்.

கேள்வி: கடைக் கணக்கு, சப்ளையர் கடிதம் எல்லாம் ஒரு விண்டோஸ் 10 மெஷினில இருக்கு. இனி பாவிக்கேலாது, எறிஞ்சுபோட்டு புதுசு வாங்கு எண்டு சொல்லினம். உண்மையா?
- வாசகர், புறக்கோட்டை

பதில்: எறிய வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொஃப்ட் குடுத்துக்கொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14-ஓட நிண்டது உண்மை, ஆனா மெஷின் நிக்கேல்ல. வீட்டுப் பாவனைக்காரருக்கு மேலதிகமா 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் எடுக்க ஒரு வழி வச்சிருக்கினம், அப்டேட் செட்டிங்ஸில அது காட்டுதோ பாருங்கோ. புதுசா வந்த விண்டோஸ் 11-க்கு மாறுறதெண்டா டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு அம்சம் மெஷினில இருக்கோ எண்டு கேக்கும், இன்டெல் எண்டா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசெசராவது வேணும். சில மெஷினில டிபிஎம் இருந்தும் பயோஸில, அதாவது மெஷின் தொடங்கேக்க வாற அடிப்படை செட்டிங்ஸில, ஓஃப் பண்ணிக் கிடக்கும், தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு அதை முதல்ல பாக்கச் சொல்லுங்கோ. அதுவும் சரிவராட்டி கணக்குக்கு மட்டும் வச்சிருங்கோ, இன்டர்நெட் வயரைக் கழட்டி விடுங்கோ, பேங்க் வேலையை மட்டும் அதில செய்யாதேங்கோ.

எது செய்யிறதெண்டாலும் முதல்ல கணக்கை ரெண்டு இடத்தில கொப்பி எடுத்து, வேற ஒரு கொம்பியூட்டரில திறந்து, கடைசி மாசக் கணக்கு சரியா வருதோ எண்டு உங்கட கண்ணால பாத்த பிறகுதான் அந்த மெஷினில கை வைக்க விடுங்கோ.