விண்டோஸ் போன் நன்றாகத்தானே இருந்தது, ஏன் நிலைக்கவில்லை?

மைக்ரோசாஃப்ட் செல்போன்களுக்காக உருவாக்கிய இயங்குதளம் அது. ஆப் இல்லாததால் தோற்றது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆப் ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

என் முதல் ஸ்மார்ட்போன் லூமியா 520, நோக்கியாவின் விண்டோஸ் போன், 2013இல் வாங்கியது. ரேம் 512 எம்பிதான், ஆனாலும் திரை வழுக்கிக்கொண்டு ஓடும். ஹியர் மேப்ஸ் என்ற நோக்கியாவின் வரைபட ஆப்பில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, டேட்டா இல்லாமலே கொல்லிமலையில் வழி கண்டுபிடித்துப் போனோம். அந்த விலையில் அது பெரிய விஷயம். அந்த வருடம் ஐரோப்பாவின் ஐந்து பெரிய சந்தைகளில் ஸ்மார்ட்போன் விற்பனையில் விண்டோஸ் போனின் பங்கு பத்து சதவீதத்தைத் தொட்டது. ஆக, மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

முதல் சிக்கல், தாமதம். முதல் பதிப்பான விண்டோஸ் போன் 7 வந்தது 2010 கடைசியில். அதற்குள் ஐபோனுக்கு மூன்று வயது. ஆண்ட்ராய்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கோ போன் தயாரிப்பவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில்தான் நீக்கியது. அதற்குள் சாம்சங், எச்டிசி எல்லாம் ஆண்ட்ராய்டில் வேரூன்றிவிட்டன. 2011இல் தன் பழைய இயங்குதளமான சிம்பியனைக் கைவிட்டு வந்த நோக்கியாதான் கிட்டத்தட்ட தனியாக இதைத் தூக்கிச் சுமந்தது.

இதைவிடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது வேறு. 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் லூமியா 900 விற்பனைக்கு வந்தது. ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிப்பு. உள்ளே இருந்த கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் அடிப்படையையே, மாற்றிவிட்டதால் பழைய போன் எதற்கும் 8 கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த 900க்கும் சேர்த்துத்தான். சமாதானமாக 7.8 என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஆப் எழுதுபவர்களுக்கும் இதே கதை. முதலில் சில்வர்லைட் என்ற முறையில் ஆப் எழுத வேண்டும், 8.1இல் வேறு முறை, விண்டோஸ் 10இல் இன்னொரு முறை. ஒரு சின்ன கம்பெனி எத்தனை தடவைதான் திரும்பத் திரும்ப எழுதும்?

கூகுளும் வழிவிடவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் ஆப்பை 2013இல் கூகுள் தடுத்துவிட்டது. அந்தப் போன்களில் கடைசிவரை யூடியூபை பிரவுசரில்தான் பார்க்க வேண்டியிருந்தது, அல்லது வேறு யாரோ எழுதிய ஆப்பில்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட இடம் என்பதால், இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். நோக்கியாவை வாங்கிய வகையில் அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

2016இல் விண்டோஸ் 10க்கு மாறக்கூடிய பழைய போன்களின் பட்டியல் வந்தது. அதில் 520 இல்லை. நான் அதற்கு முன்பே ஆண்ட்ராய்டுக்கு வந்துவிட்டேன்.